கேம்பர்வேன் பயணம்: வயர் மாட்டியாச்சு, சார்ஜ் ஏறுதா?

இரவு மணி 2. வெளியே உறைபனி. வேனுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஹீட்டர் திடீரென்று நின்றுபோனது.

ஜூன் பள்ளி விடுமுறை. நான், அக்கா, அத்தான், அவர்களின் இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேர் நியூசிலந்தின் தென்தீவில் வாடகை கேம்பர்வேனில் சுற்றிக்கொண்டிருந்தோம். முதல் இரவு டெக்காப்போ ஏரிக்கரையில், மின்வசதி உள்ள முகாமில் வயர் மாட்டித் தூங்கினோம். இரண்டாம் இரவு மவுண்ட் குக் அடிவாரத்தில் இருக்கும் ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாம். அங்கே மின்வசதி கிடையாது.

"நேத்து ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறியிருக்கு. ஒரு ராத்திரி தாங்காதா?" என்றார் அத்தான். தாங்கவில்லை.

காரணம் மறுநாள்தான் தெரிந்தது. டெக்காப்போவில் வயர் மாட்டியது உண்மை. ஆனால் கெட்டிலைப் போட்டதும் வேனுக்குள் இருந்த பாதுகாப்பு சுவிட்ச் டிரிப் ஆகிவிட்டது. 'கெட்டில் கெட்டுப்போச்சு போல' என்று கேஸ் அடுப்பில் தண்ணீர் காய்ச்சினோம். விளக்கு எரிந்தது, குழாயில் தண்ணீர் வந்தது, ஹீட்டர் ஓடியது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அத்தனையும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன. இரவு முழுக்க சார்ஜ் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

இது பலருக்கும் நடக்கக்கூடிய தவறு. தவிர்ப்பதும் சுலபம். வேனுக்குள் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்பது மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

வேனுக்குள் எத்தனை மின்சாரம்?

வீவக வீட்டில் எல்லாச் சுவிட்சுக்கும் ஒரே மின்சாரம், 230 வோல்ட். கேம்பர்வேனில் அப்படியில்லை. இரண்டு தனித்தனி அமைப்புகள் உண்டு.

முதலாவது 12 வோல்ட் அமைப்பு. விளக்குகள், தண்ணீர்ப் பம்ப், யுஎஸ்பி துளைகள், ஹீட்டரின் விசிறி, பெரும்பாலான வேன்களில் குளிர்பதனப் பெட்டி ஆகியவை இதில் ஓடும். இதற்கு மின்சாரம் தருவது 'ஹவுஸ் பேட்டரி'. தமிழில் வீட்டு பேட்டரி என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது 230 வோல்ட் அமைப்பு. மைக்ரோவேவ், கெட்டில், சுவரில் உள்ள பிளக் துளைகள் இதைச் சேர்ந்தவை. பொதுவாக, வெளியிலிருந்து வயர் மாட்டினால்தான் இவை வேலை செய்யும்.

இவை போக, இன்ஜினை ஸ்டார்ட் செய்ய இன்னொரு பேட்டரியும் உண்டு. அது சாதாரண கார் பேட்டரி. பல வேன்களில் முகாமில் மாட்டும் வயர் வீட்டு பேட்டரிக்கு மட்டும்தான் சார்ஜ் கொடுக்கும். ஸ்டார்ட் பேட்டரிக்கு இன்ஜின் ஓட வேண்டும். ஓட்டுநர் இருக்கைப் பக்கம் ரேடியோவையோ விளக்கையோ இரவெல்லாம் விட்டுவைத்தால், வயர் மாட்டியிருந்தும் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

டீசல் ஹீட்டர், கேஸ் ஹீட்டருக்குப் பேட்டரி எதற்கு என்று கேட்கலாம். எரிவது டீசலோ கேஸோதான். ஆனால் அதைப் பற்றவைக்கவும், சூடான காற்றைத் தள்ளும் விசிறியைச் சுற்றவும் 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். பேட்டரி இறங்கினால், தொட்டி நிறைய டீசல் இருந்தும் ஹீட்டர் ஓடாது.

வயர் மாட்டினால் என்ன நடக்கிறது?

முகாமில் எடுக்கும் மின்சாரத்தை ஆங்கிலத்தில் 'ஷோர் பவர்' என்பார்கள். கரை மின்சாரம் என்று பொருள். இது கப்பல்காரர்களின் சொல். துறைமுகத்தில் கட்டிய கப்பல் தன் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு, கரையிலிருந்து வயர் இழுத்து மின்சாரம் எடுக்கும். அதே பெயர் வேன்களுக்கும் வந்துவிட்டது.

முகாமில் உங்கள் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மின்கம்பம் இருக்கும். அதிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரம் வேனுக்குள் நுழைந்ததும் ஒரு சின்ன டிபி பெட்டிக்குப் போகும். நம் வீட்டு டிபி பெட்டியின் தம்பி என்று சொல்லலாம். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் அதில் இருக்கும்.

அங்கிருந்து மின்சாரம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு வழி சுவர்ப் பிளக்குகளுக்குப் போகும். இன்னொரு வழி சார்ஜருக்குப் போகும். 230 வோல்ட்டை 12 வோல்ட் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது சார்ஜரின் வேலை.

ஆக, கம்பத்திலிருந்து பேட்டரி வரை ஒரு சங்கிலி இருக்கிறது. கம்பத்தின் சுவிட்ச், கேபிள், வேனின் டிபி பெட்டி, சார்ஜர், ஃபியூஸ், பேட்டரி. இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பேட்டரிக்கு ஒரு சொட்டுச் சார்ஜ் ஏறாது.

இன்னொரு கண்ணியையும் சொல்ல வேண்டும். பல வேன்களில் பேட்டரியை மொத்தமாகத் துண்டிக்கும் 'மெயின் சுவிட்ச்' ஒன்று உண்டு. சில வேன்களில் அதை அணைத்துவைத்தால் சார்ஜரும் பேட்டரியைத் தொட முடியாது. 'மிச்சம் பிடிக்கிறேன்' என்று அதை அணைத்துவிட்டு வயர் மாட்டினால் பலன் பூஜ்யம்தான். வண்டிக்கு வண்டி இது மாறும்.

விளக்கு எரிந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தமா?

இல்லை. எங்கள் தவறு இங்கேதான்.

வீட்டில் கரண்ட் போனால் உடனே தெரிந்துவிடும், எல்லாம் இருட்டாகிவிடும். வேனில் 230 வோல்ட் போனால் ஒன்றுமே தெரியாது. பேட்டரி சத்தமில்லாமல் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். விளக்கின் ஒளிகூடக் குறையாது.

மைக்ரோவேவில் கடிகாரம் தெரிகிறதா என்று பார்ப்பது முதல் சோதனை. தெரிந்தால் 230 வோல்ட் வேனுக்குள் வந்துவிட்டது. ஆனால் அதுவும் பாதி விடைதான். சார்ஜர் தனியாகப் பழுதாகியிருக்கலாம், அதற்கு மட்டும் ஒரு சுவிட்ச் அணைந்திருக்கலாம்.

உறுதியான சோதனை வோல்ட் மீட்டர். பெரும்பாலான வேன்களில் கதவுக்கு மேலேயோ சமையல் மேடைக்குப் பக்கத்திலோ ஒரு சிறு பலகையில் பேட்டரியின் வோல்ட் எண் தெரியும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

• இன்ஜினை நிறுத்தியபின், வயர் மாட்டுவதற்கு முன், எண்ணைப் பாருங்கள். உதாரணத்துக்கு 12.4.

• வயர் மாட்டி, கம்பத்தின் சுவிட்சைப் போடுங்கள்.

• ஓரிரு நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். எண் 13-ஐத் தாண்டி ஏறியிருந்தால் சார்ஜர் வேலை செய்கிறது. 12.4-லேயே நின்றால், அல்லது இறங்கினால், சார்ஜ் ஏறவில்லை.

பகலில் ஒரு சின்னக் குழப்பம் வரலாம். கூரையில் சோலார் தகடு இருந்தால், வயர் இல்லாமலே எண் 13-க்கு மேல் காட்டும். இருட்டியபின் ஒருமுறை பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மீட்டரில் தெரியும் எண் என்ன சொல்கிறது?

வாடகை வேன்களில் இன்னமும் அதிகம் இருப்பது ஈய அமில பேட்டரியும், அதன் மூடிய வகையான 'ஏஜிஎம்' பேட்டரியும். அவற்றுக்கான தோராயக் கணக்கு இது.

வயர் மாட்டியிருக்கும்போது:

• 14.2 முதல் 14.7 வரை: முழு வேகத்தில் சார்ஜ் ஏறுகிறது.

• 13.2 முதல் 13.8 வரை: பேட்டரி நிறைந்துவிட்டது, சார்ஜர் அதை அப்படியே பிடித்துவைத்திருக்கிறது. அல்லது இப்போதுதான் ஏறத் தொடங்கியிருக்கிறது.

• 12.8 அல்லது அதற்குக் கீழே, நேரமாகியும் ஏறவில்லை: ஏதோ கோளாறு.

• 15-க்கு மேல்: சார்ஜர் கட்டுப்பாடு இழந்திருக்கலாம். வயரைக் கழற்றிவிட்டு வாடகை நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

வயர் இல்லாமல், எதையும் ஓட்டாமல் வைத்திருக்கும்போது:

• 12.7 அல்லது அதற்கு மேல்: நிறைந்திருக்கிறது.

• 12.2 அளவில்: பாதி.

• 12-க்குக் கீழே: சீக்கிரம் சார்ஜ் கொடுக்க வேண்டும்.

வயரைக் கழற்றிய உடனே பார்த்தால் எண் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளும். அசல் நிலை தெரியச் சில மணி நேரம் ஆகும். ஹீட்டரும் பம்ப்பும் ஓடும்போது பார்த்தால் எண் குறைவாகக் காட்டும். அதையும் நினைவில் வையுங்கள்.

ஓர் இரவுக்கு எவ்வளவு வேண்டும்?

பேட்டரியின் கொள்ளளவை 'ஆம்பியர் மணி' என்ற அளவில் சொல்வார்கள். 100 ஆம்பியர் மணி என்றால், ஏட்டளவில் 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் கொடுக்கும்.

ஆனால் ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்க வேண்டும். அதற்கும் கீழே அடிக்கடி போனால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். அதனால் கையில் இருப்பது 50 ஆம்பியர் மணி என்று வைத்துக்கொள்வோம்.

குளிர்காலத்தில் பத்து மணி நேர இரவுக்குத் தோராயமான செலவு:

• ஹீட்டர் விசிறி: 2 ஆம்பியர் என்றால் 20 ஆம்பியர் மணி.

• குளிர்பதனப் பெட்டி: ஓடும்போது 4 ஆம்பியர், பாதி நேரம் ஓடுகிறது என்றால் 20 ஆம்பியர் மணி.

• விளக்கு, பம்ப், போன் சார்ஜ்: எல்லாம் சேர்த்து 5 ஆம்பியர் மணி.

மொத்தம் 45. நிறைந்த பேட்டரியாக இருந்தால் ஓர் இரவு தாங்கும், அவ்வளவுதான். முக்கால்வாசி நிறைந்த பேட்டரியோடு படுத்தால் பாதி ராத்திரியில் பிரச்சினை வரும். குளிர் கூடக் கூட பேட்டரி கொடுக்கும் அளவும் குறையும். டெக்காப்போவிலிருந்து மவுண்ட் குக் சுமார் 100 கிலோமீட்டர். அந்த ஒன்றேகால் மணி நேர ஓட்டத்தில் ஏறிய கொஞ்சம் சார்ஜை நம்பித்தான் நாங்கள் படுத்திருக்கிறோம்.

'இரண்டு மணி நேரம் மாட்டினால் போதாதா?'

போன் மாதிரிதான் இதுவும். போனில் 20-லிருந்து 80 சதவீதம் சட்டென்று ஏறும். 80-லிருந்து 100 வரை நகர மனசே வராது. ஈய பேட்டரி இதில் இன்னும் சோம்பேறி.

நவீன சார்ஜர்கள் மூன்று கட்டமாக வேலை செய்யும். முதல் கட்டத்தில் முடிந்த அளவு மின்சாரத்தைத் தள்ளும். ஏறத்தாழ 80 சதவீதம் வரை இப்படி வேகமாக ஏறும். இரண்டாம் கட்டத்தில் வோல்ட்டை உயரத்தில் நிறுத்திவைத்து, பேட்டரி ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு மெதுவாகக் கொடுக்கும். கடைசி 20 சதவீதம் இங்கேதான். இதற்கு நான்கைந்து மணி நேரம்கூட ஆகலாம். மூன்றாம் கட்டத்தில் வோல்ட்டைக் குறைத்து, நிறைந்த பேட்டரியை அப்படியே வைத்திருக்கும்.

பாதியில் கழற்றினால் என்ன நஷ்டம்? ஒருநாள் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஈய பேட்டரி நிறையாமலே நாள்கணக்கில் கிடந்தால், உள்ளே உள்ள தகடுகளில் உப்புப் படிகங்கள் இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

அதனால்தான் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மின்வசதி உள்ள முகாமில் இரவு முழுக்க மாட்டிவைக்கச் சொல்கிறார்கள். முகாம்காரர்களுக்கு வியாபாரம் பிடித்துக்கொடுக்கும் யோசனை என்று நினைக்க வேண்டாம்.

லித்தியம் பேட்டரி என்றால்?

புதிய வேன்களில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வரத் தொடங்கிவிட்டது. எடை குறைவு. கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் தாராளமாகப் பயன்படுத்தலாம். சார்ஜும் வேகமாக ஏறும்.

ஆனால் மேலே சொன்ன வோல்ட் கணக்கு இதற்குப் பொருந்தாது. நிறைந்திருந்தாலும் பாதியாக இருந்தாலும் ஏறத்தாழ 13 வோல்ட்டுக்கு மேலேயே காட்டிக்கொண்டிருக்கும். கடைசியில் மடமடவென்று இறங்கிவிடும். அதனால் இந்த வேன்களில் சதவீதம் காட்டும் மீட்டர் இருக்கும். அதில் ஆம்பியர் எண்ணையும் பாருங்கள். கூட்டல் குறி இருந்தால் பேட்டரிக்குள் போகிறது. கழித்தல் குறி இருந்தால் வெளியே போகிறது. பொதுவான வழக்கம் அதுதான்.

இன்னொரு விஷயம், ஜூன் மாதத்தில் தென்தீவுக்குப் போகும் நமக்கு முக்கியமானது. லித்தியம் பேட்டரிக்கு 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. அந்தக் குளிரில் ஏற்றினால் லித்தியம் உள்ளே உலோகமாகப் படிந்து, பேட்டரி நிரந்தரமாகக் கெட்டுவிடும். அதனால் பேட்டரியோடு வரும் கட்டுப்பாட்டுக் கருவி சார்ஜைத் தானாகவே நிறுத்திவிடும்.

ஆகவே உறைபனிக் காலையில் வயர் மாட்டியும் ஆம்பியர் பூஜ்யம் என்று காட்டினால் பதற வேண்டாம். பேட்டரி தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். பேட்டரி வேனின் உட்பகுதியில் இருந்தால், வேன் சூடானதும் ஏறத் தொடங்கும்.

எப்போதும் மாட்டியே வைத்தால் நல்லதா?

ஒரு வாரப் பயணம் போகிறவர்களுக்கு இந்தக் கவலை தேவையில்லை. மலேசியாவில் சொந்தமாகக் கேம்பர்வேன் வைத்து, வீட்டு வாசலில் மாதக்கணக்கில் வயரோடு நிறுத்தியிருப்பவர்களுக்கு இது முக்கியம்.

சார்ஜர் மூன்று கட்ட வகையாக இருந்தால், ஈய பேட்டரியை மாட்டிவைப்பது நல்லதுதான். பழைய வேன்களில் ஒரே வோல்ட்டை எந்நேரமும் தள்ளும் சார்ஜர்கள் உண்டு. அவை நிறைந்த பேட்டரியையும் விடாமல் கொதிக்கவைக்கும். பேட்டரிக்குள் இருக்கும் தண்ணீர் பிரிந்து வாயுவாக வெளியேறும். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியாக இருந்தால் மாதம் ஒருமுறை திறந்து, தகடுகள் மூழ்கியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். குறைந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். உள்ளே இருப்பது அமிலம்.

நம் ஊர் வெயில் இன்னொரு எதிரி. ஈய பேட்டரிக்கு 25 டிகிரிதான் சொகுசு. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் கிட்டத்தட்டப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. பேட்டரியின் சூட்டைப் பார்த்து வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும் சார்ஜர் இருந்தால் நல்லது.

லித்தியத்துக்கு நேர்மாறான குணம். நூறு சதவீதத்திலேயே மாதக்கணக்கில் கிடப்பது அதற்குப் பிடிக்காது. மடிக்கணினியில் '80 சதவீதத்தோடு நிறுத்து' என்று ஒரு வசதி இருக்கிறதல்லவா, அதே காரணம்தான். நீண்ட நாள் ஓட்டப்போவதில்லை என்றால், பாதி அளவில் வைத்து, வயரைக் கழற்றி, மெயின் சுவிட்சை அணைத்துவிடலாம்.

அழுகிய முட்டை வாடை வந்தால்?

இதை மட்டும் படித்துவிட்டுக் கடந்துபோகாதீர்கள்.

வயர் மாட்டியிருக்கும்போது வேனுக்குள் அழுகிய முட்டை வாடை வந்தால், கழிவுநீர்த் தொட்டியாக இருக்கும் என்று முடிவு கட்ட வேண்டாம். கேஸ் கசிவாக இருக்கலாம். சமையல் கேஸில் இப்படியான வாடை வேண்டுமென்றே சேர்க்கப்படுகிறது. அல்லது ஈய பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிக் கொதிக்கிறது என்பதன் அடையாளமாக இருக்கலாம். அப்போது வரும் ஹைட்ரஜன் சல்பைடு நச்சு வாயு. கூடவே வரும் ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றக்கூடியது.

எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். எல்லாரும் வெளியே வாருங்கள். கதவு, சன்னல்களைத் திறந்துவிடுங்கள். வேனுக்குள் எந்தச் சுவிட்சையும் தட்ட வேண்டாம், தீக்குச்சி வேண்டவே வேண்டாம். மின்சாரத்தை வெளியே உள்ள கம்பத்தில் அணையுங்கள். கேஸ் சிலிண்டரை எட்ட முடிந்தால் மூடுங்கள். பிறகு போன் செய்யுங்கள். உப்பிய பேட்டரியையும், தொட முடியாத அளவுக்குச் சூடான பேட்டரியையும் நீங்களே கழற்றப் பார்க்காதீர்கள்.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி அலறினாலும் இதே முறைதான். கொதிக்கும் பேட்டரியின் ஹைட்ரஜன்கூட அந்தக் கருவியை ஒலிக்கவைக்கும். ஆனால் காரணத்தை உள்ளே நின்று ஆராயக் கூடாது. முதலில் வெளியே.

அன்று இரவு ஹீட்டர் நின்றதும் அக்கா, "கேஸ் அடுப்பைக் கொஞ்ச நேரம் பத்தவைக்கலாமா? பிள்ளைங்க நடுங்குதுங்க" என்று கேட்டார். கேட்கத் தோன்றும்தான். ஆனால் மூடிய வேனில் அடுப்பை ஹீட்டராகப் பயன்படுத்துவது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குபவர்கள் எழுந்திருக்காமலே போகலாம். ஜாக்கெட், காலுறை, இருந்த போர்வை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, ஐந்து பேரும் ஒரே படுக்கையில் ஒட்டிக்கொண்டு விடியும்வரை காத்திருந்தோம்.

வயர் மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

• வரிசை முக்கியம். கம்பத்தின் சுவிட்ச் அணைந்திருக்கட்டும். முதலில் வேனில் மாட்டுங்கள், பிறகு கம்பத்தில் மாட்டுங்கள், கடைசியாகச் சுவிட்சைப் போடுங்கள். கிளம்பும்போது இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். கையில் இருக்கும் முனையில் மின்சாரம் ஓடக் கூடாது என்பதுதான் கணக்கு.

• கேபிளைச் சுருளாக வைத்து அதிகமான மின்சாரம் இழுத்தால் அது சூடாகி உருகலாம். முழுவதும் பிரித்துப் போடுங்கள்.

• கம்பத்தின் அளவைப் பாருங்கள். 10 ஆம்பியர் என்றால் 2,300 வாட், 16 ஆம்பியர் என்றால் 3,680 வாட். கெட்டில் ஒன்றே 2,000 வாட் இழுக்கும். கூடவே 2,000 வாட் மின்ஹீட்டரைப் போட்டால் பிரேக்கர் விழும்.

• பிரேக்கர் விழுந்தால் காரணத்தைத் தேடுங்கள். கடைசியாகப் போட்ட பொருளைக் கழற்றிவிட்டு, சுவிட்சை மறுபடி தூக்குங்கள். மீண்டும் மீண்டும் விழுந்தால் விட்டுவிட்டு உதவி கேளுங்கள்.

• பகலில் வயரை மாட்டியபடி ஊர் சுற்றக் கிளம்பினால், திரும்பியதும் மீட்டரைப் பாருங்கள். நீங்கள் இல்லாதபோது பிரேக்கர் விழுந்திருந்தால், குளிர்பதனப் பெட்டி நாள் முழுக்கப் பேட்டரியைக் குடித்திருக்கும்.

• சில குளிர்பதனப் பெட்டிகளில் கேஸ், 12 வோல்ட், 230 வோல்ட் என்று மூன்று தேர்வுகள் இருக்கும். வயர் மாட்டியதும் 230-க்கு மாற்றுங்கள். 12 வோல்ட்டில் அது 10 ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். அது வண்டி ஓடும்போது மட்டும் பயன்படுத்துவதற்கு.

சாவி வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

வேனை ஒப்படைக்கும் ஊழியர் அரை மணி நேரத்தில் ஐம்பது விஷயம் சொல்வார். விமானக் களைப்பில் தலையை ஆட்டிக்கொண்டே இருப்போம். இந்த ஐந்தை மட்டும் நீங்களே கேளுங்கள். பதிலைப் போனில் வீடியோவாக எடுத்துவைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

1. வீட்டு பேட்டரி என்ன வகை, எத்தனை ஆம்பியர் மணி?

2. வோல்ட் அல்லது சதவீதம் எங்கே தெரியும்?

3. டிபி பெட்டி எங்கே? சார்ஜருக்குத் தனிச் சுவிட்ச் உண்டா?

4. பேட்டரி மெயின் சுவிட்ச் எங்கே? வயர் மாட்டும்போது அது எப்படி இருக்க வேண்டும்?

5. ஹீட்டர் எதில் ஓடுகிறது? பேட்டரி எவ்வளவு இறங்கினால் நிற்கும்?

முடிந்தால் அங்கேயே ஒருமுறை வயர் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். எண் ஏறுவதை உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

மறுநாள் காலை எங்கள் வேனின் டிபி பெட்டியைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆனது. சோபாவின் இருக்கைக்கு அடியில் இருந்தது. அடுத்த முகாமில் கெட்டிலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, விழுந்த சுவிட்சைத் தூக்கிவிட்டு, வயர் மாட்டினோம். மீட்டர் 12-லிருந்து நகர்ந்து 13-ஐத் தாண்டியது. அதன்பிறகு மிச்சப் பயணம் முழுக்க, தினமும் படுக்கப்போகும் முன் அந்த எண்ணைப் படித்துச் சொல்வது அக்காவின் சின்ன மகளுடைய வேலையாகிவிட்டது.